ஐம்பது கிராம் நீலம்

ஜூன் 3, திங்கள்

இந்த முறை வந்த கோபால்ட்டும் சரியில்லை. முதல் வரியே புகார்தானா என்றால், ஆமாம். கலவை அளவு எழுதும் நோட்டில் புகாருக்கு இடமில்லை. அதற்காகத்தான் இந்தத் தனி நோட்டு.

பொம்மையார்பாளையத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டி எங்கள் பட்டறை. நானும் மங்கையும் இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறோம். மங்கையர்க்கரசி என்பது அவள் முழுப்பெயர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் சக்கரம் நின்றுவிடும் என்பதால் மங்கை. அவள் சக்கரத்தில் மண்ணை வனைவாள். வனைந்தது காய்ந்து, ஒருமுறை சுட்டு வந்ததும் என் கைக்கு வரும். அதன்மேல் கிளேஸ் பூசுவது என் வேலை. சாம்பல், கல்பொடி, வெள்ளைக் களிமண் எல்லாம் தண்ணீரில் கரைத்த கூழ் அது. பாத்திரத்தை அதில் முக்கி எடுத்து மறுபடி சூளையில் வைத்தால் உருகிக் கண்ணாடியாகப் படியும். நிறம் வேண்டுமென்றால் அதில் நீலத்துக்குக் கோபால்ட், பழுப்புக்கு இரும்பு என்று ஏதாவது சேர்க்க வேண்டும். உருவம் அவளுக்கு, நிறம் எனக்கு. ஒருவர் வேலையில் ஒருவர் தலையிடுவதில்லை.

இன்று தெரேஸ் அம்மா வந்திருந்தார். கடற்கரைப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்துகிறவர். எட்டு வருஷம் முன்பு எங்களிடம் அறுபது நீலத் தட்டு வாங்கியவர்.

“இருபத்து நாலு ஒடஞ்சிடுச்சி லூர்து. அதே நீலத்துல இருபத்து நாலு வேணும். பழசோட கலந்து அடுக்கினா எது புதுசுன்னு எனக்கே தெரியக்கூடாது.”

“என் நீலம் எனக்குத் தெரியாதாம்மா?” என்றேன்.

செப்டம்பர் கடைசிக்குள் வேண்டுமாம். பழைய தட்டு ஒன்றை மாதிரிக்காக வைத்துவிட்டுப் போனார். ஊரில் நாலு பேர் “லூர்துமேரி நீலம்” என்று கேட்டு வாங்குகிறார்கள். ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு இருக்கிற ஒரே பெருமை அது.

ஜூன் 5, புதன்

தெரேஸ் அம்மாவின் தட்டை வெயிலில் வைத்துப் பார்த்தேன். மங்கிப் போயிருக்கிறது. நான் பூசிய நீலம் இப்படி அழுக்குத் துணி நிறத்தில் இருந்ததே இல்லை.

“எட்டு வருஷம் கழுவிக் கழுவி மங்கிடுச்சி,” என்றேன்.

மங்கை சக்கரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். “கிளேஸ் மங்குமாக்கா?”

“ஓட்டல்ல என்னென்ன சோப்பு போடறாங்களோ.”

அவள் சக்கரத்தை மறுபடி ஓட்டினாள். இன்னொன்று கேட்டிருந்தால் நானும் ஒன்று சொல்லியிருப்பேன்.

ஜூன் 16, ஞாயிறு

சோப்புத்தூள் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள். என் வீட்டுக்காரருடைய வெள்ளை வேட்டி எவ்வளவு தோய்த்தாலும் பழுப்பாகவே இருக்கிறது. சொட்டு நீலம் எட்டுச் சொட்டு விட்டேன். போதவில்லை. மூடியால் ஊற்றினேன். “வெளுத்துடுச்சா?” என்று கேட்டேன். இவர் வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “பிரமாதம்” என்று கட்டிக்கொண்டு பூசைக்குக் கிளம்பிவிட்டார். ஆரோக்கியசாமி என்ற மனிதர் முப்பத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். யாரோடும் வாக்குவாதம் செய்யாமல் இறங்கிப் போகிற வித்தை அவருக்குக் கைவந்தது.

பால்காரரும் ஏதோ கலக்கிறார். பால் மஞ்சளாக இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

சின்னச் சூளை திறந்தோம். இருபத்து நாலு தட்டுக்கு முன் வெள்ளோட்டமாகக் கொஞ்சம் கிண்ணமும் ஒரு பில்லையும் வைத்திருந்தேன்.

பில்லை என்றால் விரல் நீள மண்துண்டு. மேலே ஓட்டை, முன்னால் கிளேஸ். பின்னால் இரும்புக்காவியைத் தொட்டுத் தேதி எழுதி, ஒவ்வொரு முறையும் சூளையில் ஒன்று வைப்போம். காவியும் சேர்ந்து சுடப்படுவதால் தேதி அழியாது. அந்தச் சரக்கு பட்டறையை விட்டுப் போன பிறகுதான் பில்லை சுவரில் ஏறும். திரும்பி வந்த சரக்கின் பில்லைக்குச் சுவரில் இடம் கிடையாது. தேதி எழுதுவது நான். சூளையில் அடுக்குவதும் முக்காலி போட்டு ஏறி ஆணியில் மாட்டுவதும் மங்கை. இருபத்திரண்டு வருஷமும் அந்தச் சுவரில் தொங்குகிறது.

இன்று வந்த பில்லை சாம்பல் தட்டிப் போய்விட்டது. ஐந்து கிலோ பொடிக்கு ஐம்பது கிராம் கோபால்ட் என்பது என் அளவு. வருகிற கோபால்ட் எல்லாம் மட்டமாகவே இருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இந்த முறை அறுபத்தைந்து போட்டிருந்தேன். அப்படியும் இந்த லட்சணம்.

வெள்ளைக் கிளேஸ் வாளி வேறு காலியாகிவிட்டது. என் நீலத்தில் கோபால்ட் போடாவிட்டால் அதுதான் வெள்ளை. கோப்பைகளின் உள்பக்கத்துக்கு மட்டும் பூசுகிறோம். அது ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று தெரியவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

எண்பது கிராம். அப்படியும் மங்கல்தான்.

“நல்லாத்தானேக்கா இருக்கு. தெரேஸ் அம்மா தட்டுக்குப் பக்கத்துல வச்சுப் பாரு, அச்சு அசல்,” என்றாள் மங்கை.

வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. இரண்டும் ஒன்றுபோல அழுக்காக இருந்தன. அழுக்கான தட்டோடு பொருந்துவதற்காக நானும் அழுக்கான தட்டு செய்ய வேண்டுமா? தெரேஸ் அம்மா கேட்டது என் நீலத்தை.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: “பெரியாஸ்பத்திரில கண் முகாம் போட்டிருக்காங்களாம். ஒருவாட்டி போய் காட்டிட்டு வாயேன்க்கா.”

“நீ மொதல்ல உன் முட்டிய காட்டிட்டு வா,” என்றேன். அவளுக்கு முட்டி வலி. சொல்லியிருக்க வேண்டாம்.

பேனாவை மாற்றியிருக்கிறேன். பழைய பேனாவில் மை சரியாக வரவில்லை. இது தடித்த பேனா.

ஜூலை 9, செவ்வாய்

தட்டுகளுக்கென்று தனி வாளியில் புதுக் கலவை போட்டிருக்கிறேன். நேற்று மாலை கிளேஸ் நின்ற மட்டத்தில், வாளியின் உள்பக்கம் கரியால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனேன். எதற்காகப் போட்டேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. இன்று காலையில் மட்டம் கோட்டுக்கு ஒரு விரல் மேலே இருந்தது.

தண்ணீர் ஊற்றியிருந்தால் கலவை இளகியிருக்கும். விரலை விட்டு எடுத்தேன். விரல் ரேகை தெரியாமல், நகத்தின் விளிம்பு மட்டும் தெரிகிற பதம். அப்படியே இருக்கிறது. தண்ணீர் ஊற்றவில்லை.

அப்படியானால் வேறென்ன?

ஜூலை 11, வியாழன்

சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தேன். என் வயதில் இந்த வேலை எனக்கே கேவலமாகத்தான் இருந்தது.

மங்கை என் வாளிக்கு முன்னால் குந்தியிருந்தாள். ஒரு கையில் குவளை. பக்கத்தில் வெள்ளைக் கிளேஸ் வாளி.

“என்ன பண்றே?”

குவளை அந்தரத்தில் நின்றது. “ஒண்ணுமில்லக்கா.”

“வெள்ளைய எதுக்கு என் வாளில ஊத்தறே?”

“கோபால்ட் ஜாஸ்தியா இருக்குக்கா. கருநீலமா வந்துடும்.”

“யாரு சொன்னா?”

“நான் பாக்கறேன் இல்ல?”

“நீ மண்ணப் பாரு. நிறத்த நான் பாத்துக்கறேன். எத்தன நாளா நடக்குது இது?”

குவளையைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

“ஒனக்கு நீலம் தெரியலக்கா.”

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. என் வாய் சும்மா இருக்குமா? திருடி என்றேன். என் பெயரைக் கெடுக்கத் திட்டம் போடுகிறாய் என்றேன். இனி என் வாளியைத் தொட்டால் பட்டறையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றேன். கடைசியாகச் சொன்னது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 12, வெள்ளி

மங்கை வந்தாள். சக்கரம் ஓடியது. பேசவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

பேசவில்லை. டீ மட்டும் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன்.

ஜூலை 25, வியாழன்

புதிதாகக் கலந்தேன். நூறு கிராம். வாளியை மூடி, மூடிமேல் கல் வைத்து, கல்மேல் கண் வைத்திருந்தேன்.

இருபத்து நாலு தட்டையும் நானே முக்கினேன். அடியில் மெழுகு தடவி, இடுக்கியால் பிடித்து, மூன்று எண்ணும் வரை உள்ளே, பிறகு வெளியே. அடியில் ஒட்டிய துளிகளைப் பஞ்சால் துடைத்தேன். அங்கே கிளேஸ் இருந்தால் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். கை எதையும் மறக்கவில்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது.

சூளையை அடுக்குவதும் பற்றவைப்பதும் மங்கையின் வேலை. ஒவ்வொரு தட்டாக வாங்கி அடுக்கினாள். கடைசித் தட்டை வாங்கும்போது கேட்டாள். “இதேதானாக்கா?”

இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

“இதேதான்,” என்றேன். சூளையைப் பற்றவைத்தாள்.

ஜூலை 27, சனி

வந்துவிட்டது! என் நீலம் வந்துவிட்டது. அழுக்கில்லை, மங்கலில்லை. மழைக்கு மறுநாள் கடல் எப்படி இருக்குமோ அப்படி. இருபத்து நாலு தட்டையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு நடுவில் நின்றேன். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

மங்கை ஒரு தட்டை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். வைக்கோலும் செய்தித்தாளும் எடுத்துவந்து கட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றையும் அவ்வளவு கவனமாகக் கட்டினாள்.

ஜூலை 30, செவ்வாய்

தட்டுகள் திரும்பி வந்துவிட்டன.

விடுதியின் சாப்பாட்டு மேசையில் தெரேஸ் அம்மா பழையது ஒன்று, புதியது ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்ன லூர்து இது? மையைக் கொட்டின மாதிரி இருக்கு.”

“இதுதாம்மா நெசமான நெறம். உங்க பழைய தட்டுங்கதான் மங்கிப் போச்சு.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பழைய தட்டைக் கையில் எடுத்து விரலால் தடவினார். “அன்னிக்கு நீதானே சொன்ன? நாங்க செத்து மண்ணானாலும் சுட்ட நெறம் மங்காதும்மான்னு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அறுபது வாங்கினேன்.”

சொன்னேன். அவரிடம் மட்டுமா? கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்கூட. ஆயிரத்திருநூறு டிகிரியைத் தாண்டி உருகி உறைந்த கண்ணாடியைப் பாத்திர சோப்பு என்ன செய்யும்?

ஆட்டோவில் தட்டுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். செப்டம்பர் வரை நேரம் இருக்கிறது, பார் என்று சொல்லியனுப்பினார். எதைப் பார்ப்பது?

ஆகஸ்ட் 5, திங்கள்

பட்டறைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா விண்ணேற்புத் திருநாள். கோயிலில் நல்ல கூட்டம். பூசை முடிந்து படியில் இறங்கும்போது பின்னாலிருந்து யாரோ சொன்னது காதில் விழுந்தது: “கண்டக்டர் மாதாவுக்கு வேண்டிக்கிட்டிருக்கார்போல. ரெண்டு மாசமா நீல வேட்டிதான்.”

நின்றுவிட்டேன். இவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை.

“உங்க வேட்டி என்ன கலரு?”

“வெள்ளதான்.”

“மாதா மேல சத்தியமா சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தார். “கொஞ்சம் நீலம்,” என்றார். பிறகு, “கொஞ்சம் ஜாஸ்தியாவே நீலம்.”

“தெரிஞ்சும் ஏன் கட்டிக்கிட்டு வந்தீங்க?”

“நீ ஆசையா தோய்ச்சு வைக்கறே.”

ஆகஸ்ட் 16, வெள்ளி

கிளேஸ் சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். சாம்பலை மாற்றினால் கல்பொடியை மாற்றக்கூடாது. பத்துப் பில்லையும் ஒரே மாதிரி கெட்டு வந்தால், பத்திலும் பொதுவாக எது இருந்தது என்று பார்க்க வேண்டும். மற்றதையெல்லாம் சந்தேகப்பட்டு நேரத்தை வீணடிக்கக்கூடாது.

அந்த முறைப்படி இன்று யோசித்தேன். கோபால்ட் கெட்டது. வேட்டி பழுத்தது. பால் மஞ்சளானது. பேனா மை வெளிறியது. சுட்ட கிளேஸ், என்றைக்கும் மங்காதது, மங்கியது. கோபால்ட் வியாபாரியும் பால்காரரும் சோப்புக் கம்பெனியும் கூடிப்பேசி இதைச் செய்திருக்க முடியாது. இத்தனைக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தடித்த பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தட்டைப் பார்த்த அன்றே இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மங்கை அன்றே கேட்டாள், கிளேஸ் மங்குமாக்கா என்று.

பயமாக இருக்கிறது. கண் போய்விடும் என்றுகூட இல்லை. நிறம் தெரியாத லூர்துமேரிக்கு அந்தப் பட்டறையில் என்ன வேலை? அவளுக்குச் சக்கரம் இருக்கிறது. எனக்கு இது மட்டும்தான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் சின்னப் பெண், எனக்கொரு மகள் இருந்திருந்தால் இந்த வயதுதான் இருக்கும். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, “நல்லா முத்திப்போச்சும்மா. இத வச்சுக்கிட்டு என்ன வேலை செஞ்சீங்க?” என்று கேட்டார்.

“பாத்திரத்துக்குக் கலர் குடுக்கற வேலை,” என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இவர் பக்கத்தில் இருமினார்.

முதலில் வலது கண். ஒரு மாதம் கழித்து இடது. புரை மெதுவாக ஏறுமாம், வருஷக்கணக்கில். தினமும் கொஞ்சமாக ஏறுவதால் ஆளுக்கே தெரியாதாம். எல்லாம் மஞ்சள் கண்ணாடி போட்ட மாதிரி ஆகி, அதிகம் அடிபடுவது நீலம்தானாம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

இதை எழுதுவது ஆரோக்கியசாமி. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். வலி இல்லையாம். ஆஸ்பத்திரி இட்லி கல்லாம். மங்கை வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரவில்லை. இதை எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கட்டு அவிழ்த்தார்கள்.

நர்ஸ் போட்டிருந்த உடுப்பு நீலம். ஜன்னல் கம்பி நீலம். வெளியே வானம். ஒரு பிளாஸ்டிக் வாளியின் நீலத்தைப் பார்த்து ஒரு கிழவி ஆஸ்பத்திரியில் அழுதாள் என்று அங்கே பேசிக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்து கொடியில் கிடந்த வேட்டியைப் பார்த்தேன். கடவுளே. இந்த மனிதர் இதைக் கட்டிக்கொண்டு இரண்டரை மாதம் நற்கருணை வாங்கியிருக்கிறார்.

செப்டம்பர் 14, சனி

இரண்டு வாரம் தூசு கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இன்று பட்டறைக்குப் போனேன்.

திரும்பி வந்த இருபத்து நாலு தட்டும் அலமாரியில் இருந்தன. வலது கண்ணால் பார்த்தேன். மைதான், தெரேஸ் அம்மா சரியாகத்தான் சொன்னார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். மழைக்கு மறுநாள் கடல். இன்னும் இரண்டு வாரத்துக்கு அந்தக் கடல் எனக்கு உண்டு.

மங்கை சக்கரத்தில் இருந்தாள். “வாக்கா,” என்றாள். நான் சுவர்ப் பக்கம் போனேன். பில்லைகளை வரிசையாகப் பார்த்தேன். என் கண் கெட்டுக்கொண்டே வந்திருந்தால் நீலம் படிப்படியாகக் கறுத்திருக்க வேண்டும். கறுக்கவில்லை. ஒரே ஒரு பில்லை மட்டும் கருநீலம். அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நீலம், எட்டு வருஷம் முந்தைய அதே நீலம்.

கைக்கு எட்டிய ஒன்றைக் கழற்றித் திருப்பினேன். என் கையெழுத்தில் தேதி. அதற்குக் கீழே சின்னதாக ஒரு காவிப் புள்ளி. நான் வைக்காத புள்ளி.

“இது என்ன?”

சக்கரம் நின்றது.

“எல்லாத்தையும் எறக்கு,” என்றேன்.

முக்காலி போட்டு ஏறி, அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மேசையில் கவிழ்த்து வைத்தேன். முப்பத்தொன்றில் புள்ளி இருந்தது. முதல் புள்ளி இரண்டு வருஷம் முந்தைய மார்ச்.

“அதுக்கு முந்தின சூளைல டீ கப்பு மொத்தமும் கருப்பா வந்துது,” என்றாள் மங்கை, முக்காலியிலிருந்து இறங்காமலே. “நீ நல்லாருக்குன்ன. வாங்கினவங்களும் ஒண்ணும் சொல்லல. அடுத்த சூளைலேர்ந்து வெள்ளைய ஊத்த ஆரம்பிச்சேன். நீ கோபால்ட்ட ஏத்த ஏத்த நானும் ஏத்தினேன்.”

“புள்ளி எதுக்குடி?”

“நான் கை வச்சதுன்னு. என்னிக்காவது நீ கேட்டா பொய் சொல்லக்கூடாது இல்ல.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“சொல்லிப் பாத்தேன். நீ கேக்கல. கேட்டுட்டு, இனிமே வேணாம்னு நீ வீட்ல ஒக்காந்துட்டா? நான் யாரோடக்கா வேலை செய்யறது?”

கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். இரண்டு வருஷமாக லூர்துமேரி நீலம் என்று கேட்டு வாங்கியவர்கள் வாங்கியது இவள் கையை. எனக்கு வந்த பாராட்டையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் திருடி என்றபோதுகூட இந்தச் சுவரைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அழக்கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. கண்ணைக் கசக்கக்கூடாது என்றுதான் சொன்னார். கசக்கவில்லை. “தப்பாப் பேசிட்டேன் மங்கை” என்றேன். “எறங்கறதுக்குக் கைய குடுக்கா, முட்டி வலிக்குது,” என்றாள். கொடுத்தேன்.

பிறகு அலமாரிக்குக் கீழே மூடியிருந்த சாக்கை விலக்கிக் காட்டினாள். ஒருமுறை சுட்டு முடித்த இருபத்து நாலு தட்டு, கிளேஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. தெரேஸ் அம்மா வீட்டிலிருந்து நான் திரும்பி வந்த மறுநாளே வனைய ஆரம்பித்தாளாம்.

செப்டம்பர் 19, வியாழன்

ஐந்து கிலோ பொடி. ஐம்பது கிராம் கோபால்ட்.

தராசில் முள் நின்றதும் மங்கையைக் கூப்பிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் என் தராசைப் பார்க்க நான் அவளைக் கூப்பிட்டதில்லை. மண் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். “சரியா இருக்குக்கா.” சலித்தேன். கரைத்தேன். முக்கினேன். அவள் அடியைத் துடைத்து வாங்கி அடுக்கினாள்.

கடைசியாகப் பில்லை. பின்னால் தேதி எழுதினேன். காவி தொட்ட தூரிகையை அவளிடம் நீட்டினேன்.

“எதுக்கு?”

“புள்ளி வை.”

“நான்தான் ஒண்ணும் ஊத்தலியேக்கா.”

“பாத்தே இல்ல? அதுக்கு.”

செப்டம்பர் 21, சனி

சூளை திறந்தோம். நான் விலகி நின்றேன். மங்கை முதல் தட்டை எடுத்து ஜன்னல் பக்கம் போனாள். “அக்கா,” என்று மட்டும் கூப்பிட்டாள். கூப்பிட்ட அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 24, செவ்வாய்

தெரேஸ் அம்மா பழைய முப்பத்தாறையும் புதிய இருபத்து நாலையும் கலந்து அறுபதையும் அடுக்கினார். அடுக்கிவிட்டு, “புதுசு ஒண்ணு எடு பாக்கலாம்” என்று என்னைச் சோதித்தார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நன்றாகப் பார்த்து ஒன்றை எடுத்தேன். திருப்பினால் அடியில் எட்டு வருஷத் தேய்மானம். பழையது. மங்கைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

திரும்பும் வழியில் பட்டறைக்குப் போனோம். சரக்கு போய்விட்டது, இனி பில்லை சுவரில் ஏறலாம். மங்கை முக்காலியை இழுத்தாள். “உன் முட்டிக்கு ஆகாது, நான் ஏறறேன்,” என்றேன். “ஒனக்கு ஒத்தக் கண்ணு, விழுந்து வைக்காதே,” என்று இரண்டு கையாலும் முக்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

ஏறி, பில்லையைத் திருப்பி, நீலத்தைச் சுவர்ப் பக்கம் வைத்து மாட்டினேன். கீழேயிருந்து பார்த்தாலும் புள்ளி தெரிகிறது.